மங்கிய வெளிச்சத்தில் மீன் தொட்டிச் செடிகள்
விற்பவருக்கும் வைப்பவருக்கும் சில விவரங்கள்

நகைக்கடை, ஜவுளிக்கடை, டாக்டர் கிளினிக், ஓட்டல் வரவேற்பறை என்று மதுரையில் எங்கு நுழைந்தாலும் ஒரு மீன் தொட்டி கண்ணில் படுகிறது. வாஸ்துவுக்காக வைத்தவர்கள் உண்டு. வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தில் குழந்தை அழாமல் இருக்கட்டும் என்று வைத்தவர்களும் உண்டு. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் மீன் உயிருள்ளது, செடி பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கும் ஆறு மாதத்தில் நிறம் மங்கி, பாசி படிந்து, தூசி தட்டாத ஷோகேஸ் போல ஆகிவிடுகிறது.

உயிருள்ள செடி வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். அவர்களுக்கு நம் கடைகளில் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. "வெளிச்சம் பத்தாது சார், செத்துப் போயிடும்" என்று திருப்பி அனுப்புவது ஒன்று. தொட்டியில் மிதக்கும் ஏதோ ஒரு கட்டை எடுத்துக் கொடுத்துப் பணத்தை வாங்கிக் கொள்வது மற்றொன்று. பதினைந்து நாளில் அது அழுகி, தண்ணீர் நாறி, இரண்டு மீனும் மிதந்த பிறகு, "அண்ணே, நீங்க கொடுத்த செடியாலதான்" என்று அதே மனிதர் வந்து நிற்கிறார். அல்லது வராமலே போய்விடுகிறார். முதல் பதிலில் அன்றைய விற்பனை போகிறது, இரண்டாவதில் அந்த வாடிக்கையாளரே போகிறார்.

இந்த இரண்டுக்கும் அவசியமே இல்லை என்பது நம் கருத்து. மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் உள்ள பழைய கடைகளின் அமைப்பை நாம் அறிவோம். முகப்பு குறுகல், உள்ளே நீளம், பகலிலும் விளக்கு. இத்தகைய இடத்தில்கூட ஐந்தாறு வகைச் செடிகள் வருடக் கணக்கில் நன்றாக வாழும். நம் ஊரில் செடியைக் கொல்வது பெரும்பாலும் குறைந்த வெளிச்சம் அல்ல. வெக்கையும், இடத்துக்குப் பொருந்தாத செடியும், கடை திறந்தது முதல் அடைப்பது வரை எரியும் விளக்கும்தான்.

செடியின் வரவு செலவு

பள்ளிக்கூடத்தில் ஹைட்ரில்லாச் செடியைப் பீக்கரில் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, அதன் மேல் சோதனைக் குழாயை வைத்து வெயிலில் வைத்த பரிசோதனை பலருக்கும் நினைவிருக்கும். குமிழி குமிழியாக வந்த வாயு ஆக்ஸிஜன். 1779ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு மருத்துவரான யான் இங்கன்ஹவுஸ் என்பவர், நீரில் மூழ்கிய இலைகளிலிருந்து வெயிலில் குமிழிகள் வருவதையும், இருட்டில் அவை நின்றுவிடுவதையும் கண்டு எழுதினார். இருட்டில் செடியும் நம்மைப் போலவே காற்றைக் கெடுக்கிறது என்பதையும் அவரே கண்டறிந்தார்.

இதை நம் பாஷையில் சொன்னால், வெளிச்சம் உள்ள நேரம் செடிக்கு வரவு. சுவாசம் இரவும் பகலும் நடக்கும் செலவு. வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும் ஒரு வெளிச்ச அளவு ஒவ்வொரு செடிக்கும் உண்டு. அதற்குக் கீழே போனால் செடி தன் கையிருப்பைத் தின்று கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, பிறகு அழுகும். பதினைந்து நாள் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று செடி கரைவது இதனால்தான். கையிருப்பு தீர்ந்தது அன்றைக்குத்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது.

வேகமாக வளரும் செடி பெரிய செலவுக்காரன். நிழலுக்குப் பழகிய செடி சிக்கனக்காரன். காட்டு ஓடையில் மரநிழலில் பாறையைப் பற்றி வளரும் செடிக்கு இலை தடிப்பு, வளர்ச்சி மெதுவு, செலவு குறைவு. கொஞ்சம் வெளிச்சத்திலேயே அதற்குக் கட்டுபடியாகிவிடும்.

இதில் மதுரைக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சூடு ஏற ஏறச் சுவாசச் செலவு ஏறுகிறது. ஆனால் மங்கிய விளக்கில் வரவு அதற்கேற்ப ஏறாது. குளிர் நாட்டுப் புத்தகத்தில் 24 டிகிரித் தண்ணீரில் போதும் என்று எழுதியிருக்கும் வெளிச்சம், நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் 32 டிகிரியைத் தொடும் தண்ணீரில் அதே செடிக்குப் போதாமல் போகலாம். தை மாதத்தில் செழித்து நின்ற தொட்டி சித்திரைத் திருவிழா சமயத்தில் ஏன் சோர்கிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

எவ்வளவு வெளிச்சம்?

நம் கண் வெளிச்சத்தை அளக்க லாயக்கில்லை. உச்சி வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நன்றாக விளக்குப் போட்ட கடைக்குள் மேஜை மட்டத்தில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். இரண்டுமே நமக்கு வெளிச்சமாகத்தான் தெரிகிறது. ஆகவே கடைக் கூரையில் நாலு டியூப் லைட் எரிகிறது, தொட்டிக்குத் தனி விளக்கு எதற்கு என்று நினைப்பது தவறு. தொட்டிக்கு மேலேயே ஒரு விளக்கு வேண்டும். அது சிறியதாக இருந்தால் போதும்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியின் கொள்ளளவு சுமார் 56 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போகத் தண்ணீர் 45 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். குறைந்த வெளிச்சச் செடிகளுக்கு ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 லுமென் என்பது மீன் தொட்டிக்காரர்கள் கையாளும் உத்தேசக் கணக்கு. 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று ஏறக்குறைய 1,000 லுமென் தரும். ஆக இந்தத் தொட்டிக்கு அந்த ஒரு விளக்கே தாராளம். கண்ணாடியிலும் தண்ணீரிலும் பக்கவாட்டிலும் பாதி வெளிச்சம் போய்விட்டது என்று தள்ளினாலும் மணல் மட்டத்தில் இரண்டாயிரம் லக்ஸுக்குக் குறையாது. ஒன்றரை அடிக்கு மேல் ஆழமான தொட்டியாக இருந்தால் மட்டும் இரண்டாவது விளக்கைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய 40 வாட் டியூப் லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைக்கும் வரை அது எரிந்தால் மாதம் 20 யூனிட். 10 வாட் எல்.இ.டி. தினம் ஏழு மணி நேரம் எரிந்தால் மாதம் 2 யூனிட்டுக்குச் சற்று மேல். வணிக இணைப்பில் மின் கட்டணம் கட்டும் நமக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. பழைய டியூப்பில் பாதி வெளிச்சம் மேல்பக்கம் கூரைக்குப் போனது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். எல்.இ.டி. கீழ்நோக்கி மட்டுமே அடிக்கிறது.

விளக்கின் நிறம் பெட்டியில் 6500 கே என்று அச்சிட்டிருக்கும் சாதாரண வெள்ளையாக இருக்கட்டும். நீலம் மட்டும் எரியும் விளக்கு மீனுக்கு எடுப்பாகத் தெரியும், அவ்வளவுதான். இன்னொரு விஷயம், பலரும் விளக்கை மாற்றுகிறார்களே தவிர மூடுகண்ணாடியைத் துடைப்பதில்லை. நம் ஊர் போர் தண்ணீரின் உப்புப் பூத்து, மேலே கடைத் தூசியும் படிந்த கண்ணாடி வெளிச்சத்தில் நல்ல பங்கைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பது புது விளக்கு வாங்குவதற்குச் சமம்.

என்ன சரக்கு வாங்குவது

முதலில் ஜாவா ஃபெர்ன். தென்கிழக்கு ஆசிய ஓடைகளில் பாறையிலும் மரவேரிலும் ஒட்டி வளரும் பெரணி இது. இதன் தண்டு கிழங்கு போலப் படுத்திருக்கும். அதை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். வாங்கிப் போகிறவர்களில் பாதிப் பேர் செய்யும் தவறு இதுதான். ஒரு கல்லிலோ மரக்கட்டையிலோ தையல் நூலால் சுற்றிக் கட்டிவிட்டால் ஓரிரு மாதத்தில் வேர் பிடித்துக்கொள்ளும், நூல் தானே இற்றுப்போகும். இலையின் அடியில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் வந்தால் நோய் என்று பயந்து பிடுங்கி எறிகிறார்கள். அவை பெரணிகளுக்கே உரிய விதைத்தூள் பைகள். முதிர்ந்த இலையின் நுனியில் குட்டிச் செடிகள் முளைத்து நிற்பதையும் பார்க்கலாம். கடைக்காரருக்கு அது செலவில்லாத புதுச் சரக்கு.

இரண்டாவது அனுபியாஸ். மேற்கு ஆப்பிரிக்கச் செடி. வெற்றிலை போன்ற தடித்த கரும்பச்சை இலை. 'நானா' எனப்படும் குட்டை வகை கேமரூன் நாட்டைச் சேர்ந்தது. இதுவும் கல்லில் கட்டும் வகைதான், தண்டைப் புதைக்கக் கூடாது. மாதத்துக்கு ஓர் இலை விட்டாலே நல்ல வளர்ச்சி. மெதுவாக வளர்வதால்தான் விலை கூடுதல். வாடிக்கையாளர் "இவ்வளவு சின்னச் செடிக்கு இவ்வளவா?" என்று கேட்பார். ஒரு சாணளவு செடி வளர எத்தனை மாதம் ஆகிறது என்பதைச் சொன்னால் புரிந்துகொள்வார். கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவருக்குத் தயங்காமல் இந்த இரண்டையும் கொடுக்கலாம். மற்ற மென்மையான செடிகளைக் கீரை போல் மேய்ந்துவிடும் கோல்டு ஃபிஷ், இந்தத் தடித்த இலைகளை அநேகமாகத் தொடுவதில்லை.

மூன்றாவது கிரிப்டோகோரைன். மணலில் ஊன்றும் செடி. கடைகளில் அதிகம் வரும் 'வென்டி' வகையின் தாயகம் பக்கத்தில் உள்ள இலங்கை. ஆகவே நம் சூட்டையும் ஓரளவு கடினமான நீரையும் தாங்கிக்கொள்கிறது. பச்சை, பழுப்பு, செம்பழுப்பு என்று நிற வகைகள் இருப்பதால் தொட்டிக்கு அழகு.

இந்தக் குடும்பத்துக்கும் நம் வணிகத்துக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் 'நாட்டு அதிவிடயம்' என்று எடை போட்டுக் கொடுக்கிறோமே, அது இமயமலையில் விளையும் உண்மையான அதிவிடயத்துக்கு மாற்றாகத் தென்னாட்டில் விற்கப்படும் கிழங்கு. அதைத் தருவது கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் என்ற செடி. வண்ண மீன் கடைக்காரரும் மருந்துக் கடைக்காரரும் ஒரே குடும்பத்துச் சரக்கைத்தான் விற்கிறார்கள்.

கிரிப்டோகோரைனை விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியே தீர வேண்டும். இடம் மாற்றி நட்ட ஒரு வாரத்தில் இதன் இலைகள் கஞ்சி போலக் கரையும். நாற்றுப் பண்ணைகளில் இதைப் பெரும்பாலும் ஈர மணலில், இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். தண்ணீருக்குள் மூழ்கியதும் காற்றுக்கான பழைய இலையைக் கழித்துவிட்டு, தண்ணீருக்கான புது இலையைச் செடி விடுகிறது. நீரின் தன்மை மாறினாலும் இப்படியே ஆகும். வேரைப் பிடுங்காமல் கரைந்த இலையை மட்டும் எடுத்துவிட்டு ஒரு மாதம் பொறுத்தால் குருத்து வரும். விற்கும்போதே இதைச் சொன்னால் அறிவுரை. செடி கரைந்த பிறகு சொன்னால் சாக்குப்போக்கு என்றுதான் வாடிக்கையாளர் எடுத்துக்கொள்வார்.

ஜாவா மாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கே போட்டாலும் பிடிக்கும். மீன் குஞ்சுகள் ஒளிய நல்ல இடம். தூசி மட்டும் படியவிடக் கூடாது.

நீண்ட நாடா இலைகள் கொண்ட வாலிஸ்நேரியா நம் கண்மாய்களிலும் கால்வாய்களிலும் இருப்பதுதான். கடின நீர் அதற்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் மேற்சொன்னவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கேட்கும், விளக்கின் நேர் அடியில் நட வேண்டும். அதுபோலவே கொட்டி. ஔவையார் மூதுரையில் ஆம்பலோடும் நெய்தலோடும் சேர்த்துச் சொன்ன அதே கொட்டியின் இனங்கள்தான் அபோனோஜெட்டான் என்ற பெயரில் கிழங்காக விற்பனைக்கு வருகின்றன. குளம் வற்றினால் கிழங்கு சேற்றுக்குள் உறங்கி, மழை வந்ததும் துளிர்க்கும் இயல்பு அதற்கு. அந்தப் பழக்கத்தில் சில இனங்கள் தொட்டியிலும் சில மாதம் இலையெல்லாம் உதிர்த்து ஓய்வெடுக்கும். கிழங்கு கெட்டியாக இருக்கும் வரை செடி உயிரோடுதான் இருக்கிறது.

இவை எதுவுமே வேண்டாம், கையில் காசு செலவில்லாமல் பச்சை வேண்டும் என்பவருக்கு மணி பிளான்ட். அதன் வேர் மட்டும் தண்ணீரில் தொங்க, இலை தொட்டிக்கு வெளியே படர வேண்டும். மீன் கழிவின் சத்தை அது உறிஞ்சிக்கொள்வதால் தண்ணீரும் தெளிவாகும். இதை விற்று லாபம் வராது. ஆனால் இந்த யோசனையைச் சொன்ன கடையை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

சிவப்பு இலைச் செடிகள், புல்தரை போலப் படரும் குட்டைச் செடிகள், இறகு போன்ற கபோம்பா ஆகியவை பலத்த விளக்கும், பல சமயம் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரும் கேட்பவை. பார்க்க அழகு, பார்சலில் வந்த அன்று அமோகம். சாதாரண தொட்டிக்காரருக்கு விற்றால் இரண்டு வாரத்தில் புகார் நிச்சயம். அவற்றை வாங்கி வைப்பதானால் கேட்டு வரும் அனுபவசாலிகளுக்கு மட்டும், ஆர்டரின் பேரில் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இதைவிட மோசமானது, நீர்ச்செடியே அல்லாதவற்றை நீர்ச்செடி என்று விற்பது. லக்கி பாம்பூ எனப்படும் டிரசீனா, வராந்தாத் தொட்டியில் வைக்கும் அக்லோனிமா, தோட்ட ஓரத்தில் நடும் மோண்டோ புல் ஆகியவை மொத்தச் சரக்கில் கலந்து வருகின்றன. இலை விறைப்பாக, தண்ணீரிலிருந்து எடுத்தாலும் துவளாமல் நிமிர்ந்து நின்றால் சந்தேகப்பட வேண்டும். மூழ்கி வாழும் செடிகளில் பலவும் வெளியே எடுத்ததும் ஈரத் துணி போலத் தொங்கும். அனுபியாஸ் போன்ற தடித்த இலைக்காரர்கள் இதற்கு விலக்கு. முழுக்க மூழ்கிய லக்கி பாம்பூ ஒரு மாதமோ இரண்டு மாதமோ பச்சையாக இருக்கும், உள்ளுக்குள் அழுகிக்கொண்டே. மளிகையில் கலப்படம் என்றால் கொதிக்கிற நாம் இதையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும். மொத்த வியாபாரி அனுப்பிவிட்டார் என்ற சமாதானம் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் எடுபடாது. அவர் பணம் கொடுத்தது நம்மிடம்.

வெக்கை, தண்ணீர், உரம்

வெளியே 38, 40 டிகிரி அடிக்கும் நாட்களில் தகரக் கூரைக்கடியில் உள்ள தொட்டி என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டாம். தொட்டியைக் கூரை இறங்கும் பக்கமும் ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூடு வரும் பக்கமும் வைக்கக் கூடாது. கோடையில் மூடுகண்ணாடியை நகர்த்திவிட்டு நீர்ப்பரப்பின் மீது சிறிய ஃபேன் காற்று படும்படி செய்தால் நீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். குறையும் நீரைத் தினம் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றுவது போர் தண்ணீராக இருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், இந்த ஈடுகட்டும் தண்ணீர் மட்டுமாவது மழைநீராகவோ கார்ப்பரேஷன் தண்ணீராகவோ இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த வாளியில் வைத்து குளோரின் போன பிறகு ஊற்றுவது எல்லோரும் அறிந்ததே.

இரவு நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 20 டிகிரித் தண்ணீர் ஒரு லிட்டரில் 9 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம்தான். இருட்டில் செடியும் அதில் பங்கு கேட்கும். கடையடைக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால், காலையில் ஷட்டரைத் தூக்கும் நேரம் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து நிற்கும். செடி இருக்கிறதே, ஆக்ஸிஜன் வருமே என்று ஏர் பம்பை நிறுத்துவது இரவில் செய்யக் கூடாத காரியம். ஏர் பம்புக்கு மட்டும் தனி இணைப்பு வைத்துக்கொள்ளலாம். 2012இல் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த நாட்கள் நினைவிருக்கும். வெளிச்சம் இல்லாமல் ஒரு நாள் இருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. காற்று இல்லாமல் மீன் தாங்காது.

உரம் என்று தனியாக அதிகம் தேவையில்லை. வெளிச்சம் குறைவாக இருக்கும்போது செடி கேட்கும் சத்தும் குறைவு. மீன் கழிவே பெரும்பாலும் போதும். யூரியா, சாணம், தோட்டத்து உரக்கலவை எதையும் போடக் கூடாது. அவற்றிலிருந்து வரும் அம்மோனியா மீனைக் கொன்றுவிடும். அடியில் இரண்டு அங்குலம் கழுவிய பருமணல் போதுமானது. கிளிஞ்சலும் பளிங்குச் சில்லும் ஏற்கெனவே கடினமான நம் தண்ணீரை மேலும் கடினமாக்கும்.

ஏழு மணி நேரம்

தொட்டி பச்சைத் தண்ணீராகிவிட்டது, கண்ணாடியெல்லாம் பாசி என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்பது. கடை திறந்தால் எரியும், அடைத்தால் அணையும் என்பார். அதாவது பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். நிழல் செடி மெதுவாகத்தான் சாப்பிடும். மிச்சமாகும் வெளிச்சத்தையும் சத்தையும் பாசி எடுத்துக்கொள்ளும். ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். வாடிக்கையாளர் அதிகம் வரும் மாலை நேரத்தில் தொட்டி எரிய வேண்டும் என்பது நியாயமான ஆசை. அப்படியானால் பிற்பகல் இரண்டு மணி முதல் ஒன்பது மணி வரை வைத்துக்கொள்ளலாம். எலெக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் டைமர் ஒன்றைப் போட்டுவிட்டால் கடைப் பையன் மறந்தாலும் அது மறக்காது. முகப்பில் காலை வெயில் நேராகப் படும் இடம் இலவச வெளிச்சம் போலத் தோன்றும். அங்கே வைத்த தொட்டியைச் சுத்தம் செய்தே ஆள் களைத்துவிடுவார்.

கொள்முதலும் விற்பனையும்

நமக்கு வரும் சரக்கில் நல்ல பகுதி சென்னைக் கொளத்தூர் வழியாக வருகிறது. ஈரக் காகிதத்தில் சுற்றிப் பாலிதீன் பையில் வரும் செடி ஓரிரவுப் பயணத்தைத் தாங்கும். மாட்டுத்தாவணியில் ஆம்னி பஸ்ஸிலிருந்து இறக்கிய பார்சல் பத்து மணி வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தால் பைக்குள் செடி வெந்துவிடும். சேதாரத்தைப் பார்த்து அனுப்பியவரோடு சண்டை போடுவதற்கு முன், நம் ஆள் எத்தனை மணிக்குப் போய் எடுத்தார் என்று விசாரிப்பது நல்லது. கோடையில் வாராந்திர ஆர்டரைப் பாதியாக்கி, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் ஆகிய தாங்கும் வகைகளை மட்டும் வரவழைப்பது புத்திசாலித்தனம்.

வந்த செடியை நேராக விற்பனைத் தொட்டியில் போடாமல், வெளிர் ரோஸ் நிறம் வருமளவு பொட்டாசியம் பெர்மாங்கனேட் கலந்த நீரில் பத்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசிப் போட்டால் நத்தையும் பூச்சியும் பெருமளவு குறையும். மாஸுக்கு மட்டும் இது ஆகாது.

மெதுவாக வளரும் செடியில் வியாபாரம் எப்படி நடக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். கணக்கு வேறு விதமாக நடக்கிறது. வேகமாக வளரும் மலிவான செடியில் விற்காத சரக்கு ஒரு வாரத்தில் குப்பை. ஜாவா ஃபெர்னோ அனுபியாஸோ விற்காமல் ஆறு மாதம் கடையிலேயே இருந்தாலும் பெருத்துக்கொண்டேதான் இருக்கும். நாலைந்து இலை உள்ள துண்டாகத் தண்டை வெட்டினால் ஒரு செடி இரண்டாகிறது. சிறு கல்லில் கட்டி, வேர் பிடித்த பிறகு விற்றால் வெறும் செடியைவிடக் கூடுதல் விலை கிடைக்கும். வாங்குபவர் அதைத் தொட்டியில் வைத்தால் போதும், புதைத்துக் கெடுக்க வாய்ப்பே இல்லை.

ஒரு யோசனை சொல்கிறோம். 10 வாட் விளக்கும் டைமரும் போட்ட இரண்டடித் தொட்டி ஒன்றைக் கடையின் இருட்டான மூலையில், வேண்டுமென்றே, இந்த ஐந்தாறு செடிகளோடு வைத்துவிடுங்கள். பக்கத்தில் எத்தனை வாட், எத்தனை மணி நேரம், எந்த மாதம் நட்டது என்று கையால் எழுதி ஒட்டுங்கள். "எங்க வீட்டுல வெளிச்சம் இல்லையே" என்பவரை அந்த மூலைக்கு அழைத்துப் போனால் போதும். செடியோடு நாலு வரியில் ஒரு துண்டுச் சீட்டும் கொடுக்கலாம்: தண்டைப் புதைக்காதீர்கள், விளக்கு ஏழு மணி நேரம், முதல் மாதம் பிடுங்கிப் பார்க்காதீர்கள், இரவில் ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

தொட்டியில் கழித்த செடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்மாய்களையும் வைகையின் தேங்கிய பகுதிகளையும் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் அமெரிக்காவிலிருந்து வங்காளத்துக்கு அழகுச் செடியாக வந்து சேர்ந்ததுதான். 2020 நவம்பரில் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவளப்பாண்டியில் வாய்க்கால் முழுக்க ரோஸ் நிறப் பூ பூத்திருக்கிறது என்று ஊரே திரண்டு பார்க்கப் போனது. பூத்தது, மீன் தொட்டிகளில் நாம் விற்கிற கபோம்பாவின் ஓர் இனம். அதுவும் தென் அமெரிக்கச் சரக்கே. வெட்டிய கொடியையும் மிஞ்சிய செடியையும் பக்கத்துக் கண்மாயில் போட்டால் 'உயிர் பிழைக்கட்டும்' என்ற நல்லெண்ணத்தில்தான் பலரும் போடுகிறார்கள். அது பிழைத்துவிடுவதுதான் சங்கடம். ஒரு கணுத் துண்டு போதும். கழித்ததை மொட்டை மாடியில் தாளில் பரப்பி இரண்டு நாள் மதுரை வெயிலில் காயவிட்டால் சருகாகிவிடும். அதன் பிறகு பூந்தொட்டி மண்ணில் போட்டுவிடலாம்.